மூன்றாம் தரக் கழுத்து

தை மாதத்தில் மட்டும் நாற்பத்தொரு மாப்பிள்ளைகளின் கழுத்தைப் பார்த்துத் தரம் போட்டிருக்கிறேன். மனிதனாக மதிக்கத் தகுந்தவன் அதில் ஒருவன்கூட இல்லை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் மொட்டை மாடியில் வெயிலைப் பார்த்து நின்று, மோவாயை மேலே தூக்கி, தலையை மெல்ல இடமும் வலமும் திருப்பிக் காட்டினார்கள். எதிரே உட்கார்ந்திருந்த உறவுக்கூட்டம் பஜ்ஜியை மென்றுகொண்டே ‘ஆகா’ என்றது. வக்கீலும் இதைத்தான் செய்தான், கல்லூரிப் பேராசிரியரும் இதைத்தான் செய்தார். வெட்கம் என்ற ஒன்று இந்த ஜில்லாவை விட்டே போய்விட்டது.

இந்தக் கண்றாவிக்கெல்லாம் மூலகாரணம் நான்தான். என் பெயர் வசந்தாமணி. பறவை ஆராய்ச்சி செய்தவள். ஈக்வடார் நாட்டு மலைக்காட்டில் பதினொரு வருடம் மழையிலும் சேற்றிலும் கிடந்து, ரீங்காரச் சிட்டு என்ற கட்டைவிரல் அளவுப் பறவை தன் பெட்டையை எப்படி மயக்குகிறது என்று பார்த்து எழுதியவள். இங்கே எல்லாரும் அதைத் தேன்சிட்டு என்பார்கள். தேன்சிட்டு வேறு, இது வேறு. சொன்னால் எவன் கேட்கிறான்.

ஆண் சிட்டின் தொண்டை சும்மா பார்த்தால் கருப்பாக இருக்கும். அதன் இறகுக்குள் கண்ணுக்குத் தெரியாத தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. வெயில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அதன் மேல் பட்டால் தொண்டை முழுக்க ஊதாவும் பொன்னுமாகப் பற்றி எரியும். ஆனால் அந்த ஜொலிப்பு ஒரே ஓர் இடத்திலிருந்துதான் தெரியும். பெட்டை எந்தக் கிளையில் இருக்கிறதோ, அந்த இடத்துக்குக் கணக்குப் பண்ணி ஆண் வந்து நிற்கும், அல்லது உயரப் போய் அம்பாகக் கீழே பாயும். இரண்டு முழம் தள்ளி இருப்பவனுக்கு அது வெறும் கரித்துணி. அந்த வெளிச்சம் பெட்டைக்கு மட்டுமே உரியது. ஆட்டம் முடிந்து, ஜோடி சேர்ந்ததும் ஆண் கிளம்பிப் போய்விடும். கூடு கட்டுவது, முட்டையை அடைகாப்பது, குஞ்சுக்கு ஊட்டுவது எல்லாம் அவள் பாடு.

இதையெல்லாம் நான் ஒரு கூட்டத்தில் பேசியபோது கோயம்புத்தூர்க் கல்யாணத் தகவல் கம்பெனி முதலாளி ஒருவன் முன்வரிசையில் இருந்தான். கூடு, முட்டை, அவள் பாடு என்பதெல்லாம் அவன் காதில் ஏறவே இல்லை. ‘அந்தத் தகட்டை மனுசன் கழுத்துல வளக்க முடியுமா?’ என்று மட்டும் கேட்டான். முடியும் என்று சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

தோலுக்கடியில் விதை மாதிரி ஒரு கூழைச் செலுத்துவார்கள். மூன்று மாதத்தில் தகடு படிந்துவிடும். சிட்டைவிட அகலமான கழுத்து என்பதால் நேர் எதிரே ஒரு வரிசைக்கு வெளிச்சம் தெரியும், பக்கவாட்டில் இருப்பவனுக்குக் கருப்புத்தான். உடம்பு நன்றாக இருந்தால் கழுத்து எரியும், குடித்தாலோ தூக்கம் கெட்டாலோ மங்கும். ‘பொய் சொல்லாத கழுத்து’ என்று கம்பெனி ஊரெங்கும் விளம்பரம் ஒட்டியது. ஜனங்கள் அதற்கு மினுக்கு என்று பெயர் வைத்தார்கள். நாலே வருடத்தில் மினுக்கு இல்லாதவனுக்குப் பெண் கிடையாது என்றாகிவிட்டது. லாரி ஓட்டுகிறவன், நூற்பாலையில் இராத்திரி ஷிப்ட் பார்க்கிறவன், நோயாளித் தாயோடு ஆஸ்பத்திரியில் கண் விழிக்கிறவன் எல்லாருக்கும் கழுத்து மங்கல். எட்டு மணிக்குப் படுத்து எட்டு மணிக்கு எழுந்திருக்கிற சோம்பேறிகளுக்கு ஜொலிஜொலிப்பு. குணத்தை அளக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு இவர்கள் அளந்ததெல்லாம் தூங்குவதற்கு எவனுக்கு வசதி இருக்கிறது என்பதைத்தான்.

வெளிச்சம் நன்றாகத் தெரிகிற இடத்தின் நடுவில் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டு, அங்கே பெண்ணை உட்கார வைக்க வேண்டும் என்று கம்பெனியின் வழிகாட்டிப் புத்தகத்தில் நானே எழுதினேன். எந்த வீட்டிலாவது உட்கார வைத்தார்களா? பெண்ணின் அப்பா உட்கார்ந்தார். அவரை ஒட்டினாற்போல் மச்சான்மார் உட்கார்ந்தார்கள். கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவள் காபித் தட்டோடு மாடிப்படிப் பக்கம் நின்றாள். உலகத்தில் எந்தப் பறவையும் இப்படி ஒரு முட்டாள்தனம் செய்யாது. நானும் முதல் மாதம் சொல்லிப் பார்த்தேன். பிறகு எக்கேடு கெட்டும் போகட்டும் என்று விட்டுவிட்டு, வெளிச்சத்தை அளக்கிற கருவியைக் காட்டி, தரத்தை எழுதிக் கொடுத்து, கம்பெனியில் வாங்குகிற சம்பளத்துக்கு வேலை பார்த்தேன்.

பொள்ளாச்சி நஞ்சப்பன் வீட்டுக்குப் போனது தை இருபத்திரண்டாம் தேதி. தென்னை நார் ஆலை வைத்திருக்கும் பெரிய மனிதர், மீசையும் குரலும் அதற்கேற்ற அளவில். ஒரே மகள் மேகலா, கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கிறாள், வயது இருபத்தேழு. மாப்பிள்ளை நவநீதன் தாராபுரம் பக்கம் கால்நடை ஆய்வாளர். ஊர் ஊராகப் போய் மாட்டுக்குச் சினை ஊசி, காய்ச்சல் ஊசி போடுகிற அரசாங்க வேலை. கன்று போடுகிற மாடு நேரம் பார்த்தா போடும்? அதனால் அவனுக்கு எப்போதும் கழுத்து மங்கல் என்றும், பத்து இடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றும் கம்பெனிக் குறிப்பில் இருந்தது. இது பதினோராவது இடம்.

மாடியில் சோபாவையே தூக்கிவந்து போட்டிருந்தார் நஞ்சப்பன். என் சுண்ணாம்பு வட்டத்தின் மேல் அதன் நடுப்பகுதி. அதில் அவர், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மூன்று மச்சான்மார் நெருக்கியடித்துக்கொண்டு. மணி பத்து. நவநீதன் கைப்பிடிச் சுவர் ஓரமாக வந்து நின்று மோவாயைத் தூக்கினான். சோபாவுக்குப் பின்னால் நின்று கருவியை நீட்டினேன். கழுத்து திகுதிகுவென்று எரிந்தது. கருவி நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு காட்டியது. பதினொரு வருடக் காட்டில் நான் பார்த்த சிட்டுகளுக்கே அந்த அளவு அபூர்வம். மச்சான்மாரில் ஒருவர் கையே தட்டிவிட்டார்.

நவநீதனின் அம்மா லோகநாயகிக்கு முகமெல்லாம் பூரிப்பு. பையன் இரண்டு மாதமாகப் பழமும் கஞ்சியுமாகச் சாப்பிட்டான், அதனால்தான் என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள்.

சான்றிதழ் எழுத நான் கீழே இறங்கியபோது மேகலா சமையலறை வாசலில் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கதவைச் சாத்தினாள். அவருடைய கழுத்து எரிந்ததா என்று கேட்டாள். நீதான் அங்கேயே இருந்தாயே, பார்க்கவில்லையா என்றேன் எரிச்சலாக.

“எனக்குக் கருப்பாத்தானுங்க மேடம் தெரிஞ்சுது. மாடிப்படிகிட்ட நான் நின்ன எடம் அப்புடி. ஆனா மத்ததெல்லாம் தெரிஞ்சுது. கழுத்து நரம்பு படபடன்னு அடிச்சுக்குது. டம்ளர் வாங்குறப்ப வெரலு நடுங்குது. கெண்டைக்கால் இழுத்துப் புடிச்சிருக்கு, அதனாலதான் செவுத்துல சாஞ்சே நின்னாரு. ஏத்தூசிங்க மேடம். எங்க வார்டுல இப்ப இதே மாதிரி ஏழு பேரு படுத்திருக்காங்க.”

ஏத்தூசி பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. உடம்பிலிருக்கிற தசையைக் கரைத்து அந்தச் சத்தை நாலு மணி நேரம் கழுத்துக்கு ஏற்றுகிற மருந்து. சட்டப்படி தடை, ஆனால் எங்கும் கிடைக்கும். கரைந்த தசைக் கழிவு சிறுநீரகத்தில் போய் அடைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு ஊசியைத் தாங்கிவிடலாம். அதற்கு மேல் போட்டால் சிறுநீரகம் போனது போனதுதான். சிட்டு பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் தேன் குடித்துத்தான் அந்த ஆட்டம் ஆடுகிறது, இரவில் செத்ததுபோல் விறைத்துக் கிடந்துதான் உடம்பைக் காப்பாற்றிக்கொள்கிறது. இந்த மடையர்கள் அது எதுவும் இல்லாமல் வெளிச்சத்தை மட்டும் கேட்கிறார்கள். மாட்டுக்கு ஊசி போடத் தெரிந்தவன் தனக்கே போட்டுக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தபோது எனக்கு அவன் மேல் அருவருப்புத்தான் வந்தது.

உடனே சான்றிதழில் எழுதுகிறேன் என்றேன். மேகலா பதறிவிட்டாள். எழுதினால் வழக்கு வரும், அரசாங்க வேலை போய்விடும் என்றாள். தரத்தை மட்டும் குறைத்துப் போடுங்கள், அப்பாவே வேண்டாம் என்று சொல்லிவிடுவார், அவருக்கும் மறுபடி ஊசி போட வேண்டிய அவசியம் வராது என்றாள். வேண்டாம் என்று ஆகிவிட்டால் உனக்கு என்ன லாபம் என்று கேட்டேன். அவள் அடுப்பைத் துடைத்தாள்.

“இதுக்கு முன்ன ஒம்பது பேரு வந்தாங்க மேடம். காபி குடுக்கறப்ப இவரு ஒருத்தருதான் ‘நீங்க உக்காரலீங்களா’ன்னு கேட்டாரு. எனக்கு இவரப் புடிச்சிருக்குதுங்க. நான் அவருகிட்டப் பேசப் போனா எங்கப்பா வெட்டிப் போட்டுருவாரு. போறப்ப நீங்க அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க. ஊசி இனிமே வேண்டாம், கருத்த கழுத்தாவே இருக்கட்டும், நான் எங்கப்பாகிட்ட எப்படியாச்சும் பேசிச் சம்மதம் வாங்கிக்கறேன்னு சொல்லுங்க.”

சரி என்று தலையாட்டினேன். அவள் கதவைத் திறந்துவிட்டாள்.

அதை நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். நவநீதன் வாசற்படியில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான், கை நீட்டினால் தொடுகிற தூரம். சுற்றிலும் யாரும் இல்லை. ஐம்பத்துநாலு வயதில், இரண்டு முனைவர் பட்டத்தை வைத்துக்கொண்டு, இந்தக் கோமாளிக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் நான் காதல் தூது போக வேண்டுமா என்று தோன்றியது. என் கையெழுத்துப் போதும், இந்த ஜனங்களுக்கு அதற்கு மேல் விளக்கம் எதற்கு என்று தோன்றியது. அவன் நிமிர்ந்து, எத்தனையாம் தரம் மேடம் என்று கேட்டான். மூன்றாம் தரம் என்றேன். அவன் முகம் செத்துப்போனது. நான் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு கிணத்துக்கடவில் நிறுத்தி டீகூடக் குடித்தேன்.

நாலாம் நாள் நஞ்சப்பன் போன் செய்தார்.

“ஏனுங்க டாக்டரம்மா, நானும் என்ற மச்சான் மூணு பேரும் நேரா உக்காந்து பாத்தமுங்க. எட்டுக் கண்ணு பாத்தது பொய்யா, உங்க மிசினு ஒண்ணு சொல்றது நெசமா? மூணாந்தரம்னு ஊரெல்லாம் பேச்சாயிப் போச்சு. நான் பாத்த மாப்பிள்ளைய மூணாந்தரம்னா என்னைச் சொன்ன மாதிரி. வர்ற மாசி பன்னெண்டாந்தேதி நிச்சயம் வெச்சிருக்கேன். முன்னூறு பேருக்கு முன்னால அந்தத் தம்பி நிக்கட்டும். நீங்களும் வந்து பாருங்க.”

அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் மேகலா கணக்குப் போட்டாள், நானும் போட்டேன். அந்த மனிதருக்கு மகளும் முக்கியமில்லை, மாப்பிள்ளையும் முக்கியமில்லை, தான் பார்த்தது தப்பு என்று எவளோ எழுதிவிட்டாளே என்பதுதான் முக்கியம். எனக்கும் அதே வீம்புதான் இருந்தது என்று இப்போது தெரிகிறது. அவன் இனிமேல் ஊசியைத் தொடமாட்டான், மங்கல் கழுத்தோடு வந்து நிற்பான், இந்தக் கிழவர் மூக்குடைபடுவதை நேரில் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு பன்னிரண்டாம் தேதி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். அவனிடம் ஒரு போன் பேச எனக்குப் பதினைந்து நாள் இருந்தது. பேசவில்லை.

மண்டபத்தில் கூரையின் ஒரு பக்கத்தைத் திறந்து வெயில் மேடையில் விழும்படி செய்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நவநீதன் சந்தன நிறச் சட்டையில் மேடை ஏறினான், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மேகலாவை மேடையின் பக்கவாட்டில், அத்தைமாருக்கு நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். அவளுக்கு இப்போதும் கருப்புத்தான் தெரியும். நேர் எதிரே முதல் வரிசையில் நஞ்சப்பனும் மச்சான்மாரும், எனக்கும் அங்கேயே ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், நான் நன்றாகப் பார்க்க வேண்டுமாம்.

அவன் மோவாயைத் தூக்கினான். முன்வரிசை முழுக்க எழுந்து நின்றுவிட்டது. அப்படி ஒரு நிறத்தை நான் மனிதக் கழுத்தில் பார்த்ததில்லை. ஊதா, அதற்குள் பொன், அதற்குள் கண்ணைக் குத்துகிற ஒரு பச்சை. ஒரு ஊசிக்கு இந்த வெளிச்சம் வராது. நான் போட்ட மூன்றாம் தரத்தை முதல் தரமாக்குவதற்காக அவன் இரண்டு ஊசியை ஒன்றாகப் போட்டிருக்கிறான்.

“என்னங்க டாக்டரம்மா, இதுக்கு எத்தனையாந்தரம்?” என்று நஞ்சப்பன் மண்டபமே கேட்கும்படி கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

அதற்குள் மேகலா எழுந்துவிட்டாள். அவள் பக்கத்திலிருந்து எந்த வெளிச்சமும் தெரியாது, அவன் கால் மடங்குவது மட்டும் தெரிந்திருக்கிறது. அத்தைமாரைத் தள்ளிக்கொண்டு மேடையில் ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்கும் அவன் விழுவதற்கும் சரியாக இருந்தது. தலை தரையில் மோதாமல் மடியில் தாங்கினாள். முன்வரிசையில் இருந்தவர்கள் இன்னும் கையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே விழுந்தும் கழுத்து அவர்கள் பக்கமாகவே சாய்ந்து எரிந்துகொண்டிருந்ததால் அதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்களாம்.

சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. நஞ்சப்பன் சம்பந்தத்தை முறித்துக்கொண்டு, ஏமாற்றிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் சொல்லி, அடுத்த மாதமே வேறு இடம் பார்க்க ஆரம்பித்தார். மேகலா வீட்டை விட்டு வந்து கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிவிட்டாள். கம்பெனி என்ன செய்தது தெரியுமா? ‘ஊசி உடலுக்குக் கேடு’ என்று சான்றிதழின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தது. வேலையை விட்டுவிட்டேன். அதை ஒரு தியாகமாகச் சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சமாக இருக்கிறது.

சித்திரைக் கடைசியில்தான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போக எனக்குத் தைரியம் வந்தது. கையை வீசிக்கொண்டு போகக்கூடாதே என்று நாலு இளநீர் வாங்கிக்கொண்டு போனேன். வார்டு வாசலிலேயே ஒரு நர்ஸ் வாங்கி வைத்துக்கொண்டாள். சிறுநீரகம் போனவர்களுக்கு இளநீர் விஷம், இதுகூடத் தெரியாதா என்றாள். இரண்டு முனைவர் பட்டம்.

திங்கள், புதன், வெள்ளி, காலை ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை நவநீதனுக்கு அங்கே ஊசி குத்தி இயந்திரத்தில் மாட்டுகிறார்கள். குத்துவது மேகலா. வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் அவள் பக்கத்தில் அவன் படுத்திருக்கிறான். நான் போனபோது அவள் ஏதோ சொல்ல, அவன் படுத்தபடியே சிரித்துக்கொண்டிருந்தான். தாராபுரத்தில் ஒரு எருமை அவனை வாய்க்காலில் தள்ளிய கதை. கழுத்துத் தகடுகள் உரிந்து, அந்த இடம் தீப்பட்டதுபோல் வெறும் கருந்தழும்பாக இருந்தது. என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். வேலையில் நீண்ட விடுப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்றான். சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்திருக்கிறார்களாம், ஆறு வருடம் ஆகலாமாம். மரியாதையாகத்தான் பேசினான். பிறகு என்னையே பார்த்தபடி ஒன்று கேட்டான்.

“மேடம், பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு, உள்ளார இவங்க என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா? கேட்டா, பழசெல்லாம் எதுக்குங்கறாங்க.”

மேகலா என் பக்கம் திரும்பவில்லை. குழாயின் இணைப்பை இறுக்கிக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இல்லை, ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு நான் எழுந்து வந்திருக்கலாம். வாழ்நாள் முழுக்க மற்றவர்களை இளக்காரமாகவே பார்த்தவளுக்கு, அன்றைக்கு ஒரு நாளாவது உண்மையைச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

“சொன்னா. ஊசி இனிமே வேண்டாம், கருத்த கழுத்தாவே இருக்கட்டும்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னா. அப்பாகிட்ட எப்படியாவது பேசிச் சம்மதம் வாங்கிக்கறேன்னா. நான் சொல்லலை.”

அவன் மேகலாவைப் பார்த்தான். அவள் ஆமாம் என்று தலையை அசைத்தாள். இயந்திரத்துக்குள் அவன் இரத்தம் சிவப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கத்துவான் என்று நினைத்தேன், கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

“செருப்பு மாட்டறப்ப உங்களக் கேட்டனுங்களே மேடம்,” என்றான் மெதுவாக. “மூணாந்தரம்னு சொன்னீங்க. அதையே சொன்ன வாய்க்கு இதையுஞ் சேத்துச் சொல்ல எவ்வளவு நேரமுங்க ஆகியிருக்கும்?”

மேகலா அவன் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டு, பக்கத்துக் கட்டிலில் இருந்த பையனுடைய இயந்திரத்தைப் பார்க்கப் போனாள். எனக்கு அவள் நாற்காலி போடவில்லை. பதினொரு மணி ஆகும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.